வால் சைக்கிளுக்கு வந்த செய்தி

1

ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் நிலைத்து அடிக்கத் தொடங்கியதும் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள் கூட்டமாகச் சைக்கிளில் புறப்படுவோம். ரைன் நதியை ஒட்டிச் சைக்கிளுக்கென்றே போட்டிருக்கும் பாதையில் போய், பழைய துறவியர் மடம் ஒன்றில் மதியம் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வேறு வழியாகத் திரும்புவது வழக்கம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே மேடு, எங்கே ரயில் பாதை குறுக்கிடும் என்று அச்சடித்த தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இந்த நாட்டில் எனக்குப் பிடித்துப்போனவற்றில் அந்தத் தாளும் ஒன்று.

ஊரில் இருப்பவர்கள் என்னை மறந்திருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா இங்கே, மேற்கு ஜெர்மனியில், ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலையை ஒட்டி வந்தவன் நான். மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்கைச் சரிபார்த்து அடுக்குகிறேன். மகள் அனிதாவுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள்.

போன ஞாயிறு மடத்தின் முற்றத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். பயணத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மடத்துத் தொலைபேசியில் யாரோ கூப்பிடுவதாக உள்ளே போனவர், திரும்பி நேராக ஹெல்கா என்ற பெண்மணியிடம் வந்தார். அவர் தோளில் கை வைத்து, "ஹெல்கா, உன் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்" என்றார். அவ்வளவுதான். ஹெல்கா கரண்டியை வைத்தார். எந்த மருத்துவமனை என்று கேட்டார். பிறகு அழுதார். அவருடைய சைக்கிளை வேனில் ஏற்றி, அவரையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்கள். என்னால் முடியவில்லை.

"ஏன் சாப்பிடல அப்பா?" என்று அனிதா கேட்டாள்.

"அப்படியா சொல்றது? நேரா முகத்துல?"

"வேற எப்படி?"

"நாங்களா இருந்தா முதல்ல உடம்பு முடியலன்னு சொல்லுவோம்."

"ஆனா அவர் செத்துட்டாரே."

மாடு செத்தது என்பதற்கும் மனிதர் காலமானார் என்பதற்கும் என் மகளிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

"அப்ப அது பொய்" என்று முடித்துவிட்டு ஜெர்மன் மொழிக்கும் தன் தோழிகளிடமும் போய்விட்டாள்.

அன்று மாலை அவளுக்குச் சின்னப்பனின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்சம் கேட்டாள். பிறகு காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டாள். கேட்பதற்கு ஆள் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெரம்பலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. சின்னப்பன் என் பள்ளித் தோழன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தான். அவன் வீடு சிறுவாச்சூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூரில்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஆண்கள் கோடையில் ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குச் சைக்கிளில் போவது வழக்கம். பெரம்பலூரில் விடிந்ததும் கிளம்பி, குன்னம் வழியாக அரியலூர். அங்கிருந்து கீழப்பழூர், திருமானூர். பிறகு கொள்ளிடத்தை ஒட்டி ஏலாக்குறிச்சி. சின்னப்பனின் அப்பா ஆண்டு தவறாமல் போனவர். அந்த ஆண்டு அவருக்கு இழுப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்தே கிடந்தார். புறப்படுவதற்கு முந்தைய வாரம் கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்தார். "நா போவாத வருசம்னு ஒண்ணு இருக்கக் கூடாது. எனக்குப் பதிலா நீ போ" என்று மகனிடம் சொல்லிவிட்டார். ஆகவே சின்னப்பனுக்கு அது அப்பாவின் உயிருக்கான நேர்ச்சை. நான் துணைக்குப் போனவன்.

எங்களை நடத்திப் போனவர் சவரிமுத்து மேஸ்திரி. கொத்து வேலை மேஸ்திரி. இருபது பேரையும் சாரம் கட்டும் ஆட்களைப் போலவே நடத்தினார். விதிகள் மூன்று. நீலக் கொடி கட்டிய சைக்கிள் முன்னால் போகும். அதை யாரும் தாண்டக் கூடாது. பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் வைத்திருக்கும் வால் சைக்கிளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஏலாக்குறிச்சிக் கொடிமரத்தைத் தொடும்வரை எவனும் ஹேண்டிலை ஊர்ப் பக்கம் திருப்பக் கூடாது. சாமான்களை ஒழுங்காக வைத்திருப்பான் என்று வால் சைக்கிளை என்னிடம் கொடுத்திருந்தார்.

அரியலூர் தாண்டியதும் என் பின் சக்கரத்திலேயே காற்று இறங்கிவிட்டது. "நீங்க போங்க, கீழப்பழூர்ல பிடிச்சுடறேன்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் வெளுத்துக் கிடந்த சாலையோரத்தில் ட்யூபை உருவி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அரியலூர்ப் பக்கமிருந்து ஒருவன் வாடகை சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தான். சின்னப்பனுடைய சித்தப்பா மகன் அந்தோணி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சின்னப்பண்ணன் எங்க?"

"முன்னால போயிட்டான். என்னடா?"

"பெரியப்பாவுக்கு ரொம்ப முடியல. அண்ணன ஒடனே கூட்டியாரச் சொன்னாங்க."

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். கை தானாகச் செய்தது. நம் ஊரில் அந்த வாக்கியத்தைக் கேட்டால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"துண்ட எதுக்குண்ணே எடுக்குற? உசுரோடதான் இருக்காரு."

இழவு சொல்ல வருகிறவனும் இதையேதான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். வேர்வையும் சுண்ணாம்புத் தூசியும் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான் சின்னப்பனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தோணியைப் பின்னால் மெதுவாக வரச் சொல்லிவிட்டுக் கீழப்பழூருக்கு மிதித்தேன்.

3

ஓட்டு வீடு ஒன்றின் நிழலில் எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். மேஸ்திரியைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவரும் துண்டை அவிழ்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்பவாம்?"

"உயிர் இருக்குதாம் மேஸ்திரி. அந்தோணி சொல்றான்."

"அப்படித்தான் சொல்லுவான். வேற எப்படிச் சொல்லச் சொல்ற? உசுரு இருந்தா டாக்டரு வூட்டுக்குல்ல ஓடியிருப்பான், இங்க எதுக்கு ஓடியாரான்?"

"ஒருவேளை நிஜமாவே இருந்தா?"

"தம்பி, நா எத்தன எழவு பாத்திருக்கேன். போன உசுரு போயிருச்சு. வெயில் காலம், இருந்தாலும் மவன் வராம எடுக்க மாட்டாங்க. அந்த மனுசன் ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். மவன் கொடிமரத்தத் தொட்டுட்டுப் போவட்டும். அங்க வச்சு நானே சொல்றேன். லாரி புடிச்சுக் குடுக்குறேன். பாதியில திருப்புனா அவனுக்கு அப்பனும் இல்ல, நேர்ச்சையும் இல்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அதனாலேயே எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

செய்தி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது. சின்னப்பன் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் தன் மோரை அவனிடம் நீட்டினார். இன்னொருவர் அவன் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டார். காலையில் அவனோடு சண்டை போட்டவர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

"என்னய்யா இது" என்றான் சின்னப்பன். "இன்னிக்கு எல்லாரும் எனக்கு மாமனாரா ஆயிட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தன் சைக்கிளிலிருந்து நீலக் கொடியை அவிழ்த்து அவனுடைய ஹேண்டிலில் கட்டினார்.

"இனிமே நீ புடி. உங்கப்பன் பேர்ல."

கொடி பிடிப்பது பெரிய கௌரவம். சின்னப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பாரு கேட்டா எந்திரிச்சே உக்காந்துருவாரு" என்றான். ஏறி மிதிக்கத் தொடங்கினான். கூட்டம் அவன் பின்னால் வரிசை கட்டியது. நான் கடைசியில். எங்களுக்கிடையே முழு ஊர்வலமும் இருந்தது.

4

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே வந்த புதிதில், உடன் வேலை செய்த ஒருவர் நோயில் விழுந்தார். அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று ஜெர்மனில் விசாரித்தேன். அந்த வாக்கியத்தை முந்தைய நாள் மனப்பாடம் செய்திருந்தேன். அவர் மனைவி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. "ரொம்ப நல்லது, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அகராதியில் தேடிப் பார்த்தபோதுதான் அவர் இறந்த செய்தி எனக்குப் புரிந்தது. அகராதியில் உள்ள பொருளிலேயே சாவைச் சொல்லிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து என் அப்பாவைப் பற்றித் தந்தி வந்தது. "அப்பா சீரியஸ், உடனே புறப்படு." அதை எடுத்துக்கொண்டு கிடங்கின் பணியாளர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கனிவானவர். ஆனால் விதி விதிதான். பெற்றவர் இறந்தால் தனி விடுப்பு உண்டு. நோய்வாய்ப்பட்டிருந்தால் கிடையாது.

"உங்கள் தந்தை இறந்துவிட்டாரா, இல்லையா?"

"உடல்நிலை மோசம் என்று இருக்கிறது."

"அப்படியானால் உயிருடன் இருக்கிறார்."

"இல்லை... இப்படி எழுதினால் பெரும்பாலும்..."

அவர் பேனாவோடு காத்திருந்தார். என் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அப்பா உயிரோடு இருந்தால் என் வாயாலேயே அவரைச் சாகடிக்கிறேன். இல்லாவிட்டால் அவர் இறந்ததை முதலில் அறிவித்தவன், அவர் முகம்கூடத் தெரியாத ஓர் அலுவலகத்தில், நானாக இருப்பேன். "இறந்துவிட்டார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஊர் போய்ச் சேர்ந்தபோது அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியை நான் முதன்முறை கேட்டது அந்த அலுவலகத்தில் அல்ல. திருமானூர் போகும் சாலையில், ஓடும் சைக்கிளில் இருந்துகொண்டு.

5

கீழப்பழூரை விட்டுக் கிளம்பியதும் அந்தோணி என்னை எட்டிப் பிடித்தான். தன் அண்ணன் கொடியோடு முன்னால் போவதைப் பார்த்ததும் அவனுக்குத் திகைப்பு.

"சொல்லலையா அண்ணே?"

"மேஸ்திரி வேணாங்குறாரு."

"எவ்ளோ தூரம் போயிட்டாங்க பாரு. இன்னும் போயிட்டே இருக்காங்க."

அவன் சொன்னதுதான் என்னையும் அரித்துக்கொண்டிருந்தது. மகனைக் கூப்பிடும் வீடு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் மிதிக்கும் ஒவ்வொரு மைலும் அவன் திரும்ப மிதிக்க வேண்டிய மைல். அவனோ அப்பாவைப் பிழைக்க வைப்பதாக எண்ணிக்கொண்டு அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தான். வேகமாக வேறு போனான். கொடி கிடைத்த உற்சாகம்.

"அந்தோணி, மறைக்காம சொல்லு. இருக்காரா?"

"இருக்காருண்ணே. மாதா சத்தியமா."

சத்தியமும் செய்வார்கள். எனக்குத் தெரியும். நல்ல காரியமாக நினைத்துச் செய்யும் சத்தியம் அது. அவன் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையும் எனக்கு உதவாது என்று புரிந்தது. அவன் மறைக்க நினைக்காத ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும்.

"லூர்து அக்கா வூட்டுக்கு யாரு போயிருக்கா?"

லூர்து, சின்னப்பனின் அக்கா. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டுக்குள் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குத்தான் முதலில் ஆள் போகும்.

"யாரும் போவல. பெரியம்மா வேணாம்னுடுச்சு."

"ஏன்?"

"அக்கா வந்தா தெரு மொனையிலயே அழ ஆரம்பிச்சுடும். பெரியப்பா பயந்துருவாராம். பெரியப்பாவே, 'அவள இழுக்காத, பயல மட்டும் கூப்புடு'ன்னுட்டாரு."

அவன் அலுப்போடு, வீட்டுச் சண்டையை ஒப்பிப்பது போல் சொன்னான். மகளுக்குச் சொல்லாமல் எந்தப் பிணமும் கிடக்காது. மகள் அழுவதைக் கேட்டுப் பிணம் பயப்படாது. சின்னப்பனின் அப்பா உயிரோடு இருந்தார். மகனைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

பம்பைக் கழற்றி அந்தோணியிடம் கொடுத்துவிட்டு எழுந்து மிதித்தேன்.

வரிசையைத் தாண்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கத்தினார்கள். "ஏய், வாலு எங்கடா முன்னால வருது?" "எடத்துக்குப் போடா." எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. இடது பக்கம் மண்ணில் இறங்கி ஏறினேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தன் சைக்கிளைக் குறுக்கே சாய்த்து, "தம்பி, வேணாம், சொன்னாக் கேளு" என்றார். அவருக்கும் சாலையோரக் கள்ளிக்கும் நடுவில் புகுந்து போனேன். முழங்காலில் கீறியது. கொடியைத் தாண்டவில்லை. அதற்கு ஒரு சக்கரம் பின்னால் நின்றுகொண்டேன்.

"சின்னப்பா, நிறுத்து."

"என்ன மாப்ள, பஞ்சரா?"

"அப்பாவுக்கு ரொம்ப முடியலயாம். உன்னக் கேக்குறாராம். அந்தோணி வந்திருக்கான்."

6

அவன் சைக்கிளை நிறுத்தினான். கொடியோடு அதைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மதகின் மேல் உட்கார்ந்தான். அழவில்லை. செருப்பைக் கழற்றித் தள்ளிவைத்தான்.

"எப்ப எடுக்குறாங்க?"

"எடுக்குறதா? உயிரோட இருக்காருடா."

"சரி மாப்ள. காலையிலயா, ராத்திரியேவா?"

"சின்னப்பா, நா சொல்றத..."

"மோரு குடுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றான். "கொடி வேற குடுத்தாரு. நாந்தான் மடையன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. செய்தியைச் சொல்வதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்ன பிறகு, அதை நம்ப வைக்க வழியில்லாமல் நின்றேன். நான் அழுத்திச் சொல்லச் சொல்ல, அவனுக்கு அப்பா இறந்தது உறுதியாகிக்கொண்டே போனது.

மேஸ்திரி வந்து இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சின்னப்பன் சிறிது நேரம் அவர் தோளில் தலையை வைத்திருந்தான். பிறகு எழுந்தான். செருப்பைப் போடாமல் கொடி சைக்கிளை எடுத்தான்.

"முடிச்சுட்டே போறேன் மேஸ்திரி. அவரு கேட்டது இது ஒண்ணுதான்."

ஹேண்டில் ஏலாக்குறிச்சிப் பக்கம் இருந்தது. நான் முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

"வழிய விடு மாப்ள."

"அந்தோணியக் கேளு. அக்காவுக்கு ஆள் போச்சான்னு கேளு. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

அவன் என்னைப் பார்த்தான். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற அந்தோணியைப் பார்த்தான்.

"அக்காவுக்குச் சொல்லலையா?"

"இல்லண்ணே. அது வந்தா ஊரக் கூட்டும்னு பெரியப்பாதான் வேணாம்னுட்டாரு."

சின்னப்பனின் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இறந்துபோன அப்பாவுக்காக நிதானமாக இருக்க முடிந்த அவனால், உயிரோடு இருக்கும் அப்பாவுக்காக நிற்கக்கூட முடியவில்லை. செருப்பைத் தேடினான். காலடியில் இருந்ததை அவன் கண் காணவில்லை.

முதலில் அசைந்தவர் மேஸ்திரிதான். சாலையின் நடுவில் போய்க் கையை விரித்து நின்று, அரியலூர் பக்கம் போன லாரி ஒன்றை மறித்தார். "கல்லு மேலயே ஏறிக்கடா. சைக்கிளத் தூக்கி வீசு" என்று கத்தினார். கொடியை அவரே அவிழ்த்துக்கொண்டார். அந்தோணியை வாடகை சைக்கிளில் வரச் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். லாரி நகரும்போது பக்கவாட்டில் ஓடி வந்து, "அப்பங்கிட்ட நாங்க போய்க்கிட்டிருக்கோம்னு சொல்லு" என்றார்.

அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சின்னப்பன் லாரியிலிருந்து குதித்துத் தண்டவாளம்வரை போய்த் திரும்பினான். மறுபடி போனான். கேட்டுக்காரர் அதட்டினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிற பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றவன், திடீரென்று என்னிடம், "நீ பொய் சொல்லியிருந்தா உங்கிட்டப் பேசவே மாட்டேன் மாப்ள" என்றான். பொய் சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்பதைவிட, இந்தக் கேட்டின் முன்னால் நிற்கும்போதே நான் சொன்னது பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

பெரம்பலூருக்குப் பஸ். அங்கிருந்து சிறுவாச்சூருக்கு இன்னொரு பஸ். இறங்கி ஓடினோம். தெருமுனையில் அவன் நின்றுவிட்டான். என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னான். வாசலில் பெஞ்சு போட்டிருக்கவில்லை. யாரும் மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. அவன் அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அவன் வரல?" என்றார். நான் திரும்பிக் கையை ஆட்டினேன்.

அப்பாவைத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சும் எங்கோ கீழிருந்து இறைத்து எடுப்பது போல் வந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

"போனியா?"

சின்னப்பன் என்னைப் பார்த்தான்.

"போனேன்பா."

"கொடி யாரு? மேஸ்திரியா?"

"இல்லப்பா. நாந்தான் புடிச்சேன்."

அவர் உதடு அசைந்தது. அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்துல தண்ணி கெடக்கா?" என்றார். சின்னப்பன் மறுபடி என்னைப் பார்த்தான். கொள்ளிடத்தை நாங்கள் இருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

"ஒரு ஓரமா ஓடுதுங்க ஐயா" என்றேன். "மத்தபடி மணல்தான்."

"இந்த மாசத்துக்கு அவ்ளோதான் ஓடும்" என்றார்.

மறுநாள் பொழுது விடிந்த பிறகு, சின்னப்பனின் கையிலேயே போனார்.

7

லூர்து அக்காவுக்குச் சொல்ல என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போய்ச் சேரும்வரை, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். முடிவு செய்துவிட்டேன். அந்தப் பழைய வாக்கியத்தை வாயால் எடுப்பதில்லை. அதனால் முந்தைய நாள் ஒரு மகன் தன் அப்பாவை உயிரோடு பார்க்காமல் போக இருந்தான். இனி நான் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன்.

அக்கா தோப்பில் கூலிக்கு முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் பிரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சாறு. என்னைத் தெரிந்தவர் என்பதால் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"வா தம்பி, எங்க இம்புட்டுத் தூரம்?"

"அக்கா, அப்பா இன்னிக்குக் காலையில இறந்துட்டாரு."

சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சருகுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு என்னோடு நடக்கத் தொடங்கினார். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினார். கோபமாக அல்ல.

"ஏன் தம்பி, முடியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"மறைக்க வேணாம்னுதான் அக்கா..."

"சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டேனா? எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு அப்பா இருந்திருப்பாரு. ரெண்டு பஸ்ஸு மாறுற வரைக்கும். அதையும் எடுத்துட்டியே."

அனிதாவிடம் இந்த இடத்தைச் சொல்லியிருந்தால், அவளுக்கு ஒரு பதில் இருந்திருக்கும். அது என் மொழியில் இருந்திருக்காது.

பஸ் வந்தது. அக்கா பெண்கள் பக்கம் சன்னலோரமாக உட்கார்ந்தார். எனக்கு இரண்டு வரிசை பின்னால் இடம் கிடைத்தது. அரியலூருக்கு முன்னால் கூடையோடு ஏறிய ஒரு பெண், சிவந்திருந்த அவர் கண்களைப் பார்த்துவிட்டு, எங்கேம்மா போற என்று கேட்டார்.

"அப்பாவுக்கு ஒடம்பு முடியல" என்றார் அக்கா. "பாக்கப் போறேன்."